எகிப்தின் நட்சத்திர ஹோட்டல்களில் எகிப்தியச் சாப்பாடு: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கெய்ரோ, லக்சர், அஸ்வான் என்று டிக்கெட் போட்டுவிட்டவர்கள் பிரமிடைப் பற்றிக் கேட்பதைவிடச் சாப்பாட்டைப் பற்றித்தான் அதிகம் கேட்கிறார்கள். அதிலும் நல்ல ஹோட்டலில் தங்கப்போகிறவர்களுக்கு, உள்ளூர்ச் சாப்பாட்டை அங்கேயே சாப்பிடலாமா, வெளியே போகணுமா என்ற குழப்பம் உண்டு. அப்படி வரும் கேள்விகளை இங்கே சேர்த்திருக்கிறேன்.

நட்சத்திர ஹோட்டலில் போய் உள்ளூர்ச் சாப்பாடு சாப்பிடுவது காசைக் கரியாக்குவது இல்லையா?

எதைச் சாப்பிடுகிறீர்கள் என்பதைப் பொறுத்தது. கோஷரி (அரிசி, பருப்பு, மக்ரோனி, தக்காளிச் சாறு கலந்தது), ஃபூல், தாமேயா (பொரித்த பருப்பு வடை) மூன்றும் தெருவுக்குச் சொந்தமானவை. கோஷரிக் கடையில் நாள் முழுக்க அண்டா காலியாகிக் காலியாகி நிரம்பும், வெங்காயம் பொரிந்துகொண்டே இருக்கும், அதனால் எதுவும் ஆறிப்போகாது. ஃபூல் என்பது ஃபாவா பீன்ஸை (மொச்சை மாதிரியான பெரிய அவரை) குறுகிய கழுத்துள்ள பெரிய பாத்திரத்தில் இரவு முழுக்கச் சிறு தீயில் வேகவைத்து, காலையில் எண்ணெய், சீரகம், எலுமிச்சையோடு தருவது. இதையெல்லாம் ஹோட்டல்காரர் கண்ணாடிக் கிண்ணத்தில் அலங்காரமாக வைத்துத் தரும்போது விலை பல மடங்கு ஆகிறது, ருசி பாதியாகிறது.

ஆனால் மொலோகியா (ஒரு கீரைக் குழம்பு), அடைத்த புறா, ஃபத்தா (ரொட்டி, சோறு, இறைச்சி அடுக்கியது), மஹ்ஷி (அரிசி அடைத்த காய்கறி) வேறு கதை. இவை வீட்டுச் சமையல். வேலை அதிகம், நேரமும் அதிகம். தெருக்கடைகளில் சுலபத்தில் கிடைக்காது, கிடைத்தாலும் தரம் கடைக்குக் கடை மாறும். எகிப்தில் உங்களைச் சாப்பிடக் கூப்பிட ஒரு குடும்பம் இருந்தால் அதைவிட நல்ல இடம் கிடையாது. இல்லாதவர்களுக்கு அடுத்த இடம் ஒரு நல்ல ஹோட்டல் சமையலறைதான். அதனால் என் கணக்கு சுலபம்: நின்றுகொண்டு சாப்பிடுவதைத் தெருவில் சாப்பிடுங்கள், நாள் பூராச் சமைக்க வேண்டியதை ஹோட்டலில் சாப்பிடுங்கள்.

புகழ்பெற்ற பழைய ஹோட்டல்களில் பிரெஞ்சுச் சாப்பாடுதான் முன்னால் நிற்கிறதே, ஏன்?

அந்த ஹோட்டல்கள் எகிப்தியருக்காகக் கட்டப்பட்டவை அல்ல. கெய்ரோவில் 1841-இல் தொடங்கிய ஷெப்பர்ட்ஸ் ஹோட்டல், இந்தியாவுக்குப் போகிற வழியில் இறங்கும் ஆங்கிலேயர்களை நம்பி ஓடியது. அந்தக் கட்டடம் 1952 ஜனவரி 26 அன்று கெய்ரோ பற்றியெரிந்தபோது சாம்பலானது. அஸ்வானின் ஓல்ட் கட்டராக்ட் 1899-இல் தாமஸ் குக் நிறுவனம் எழுப்பியது. லக்சரின் விண்டர் பேலஸ் 1907-இல் திறந்தது. குளிர்காலத்தைக் கழிக்க வரும் ஐரோப்பியப் பணக்காரர்களுக்கு அவர்கள் ஊர்ச் சாப்பாட்டையே போட்டார்கள். நாட்டை ஆண்ட கெதீவ் இஸ்மாயிலும் ஐரோப்பாவைப் பார்த்தே விருந்து வைத்தவர். 1869-இல் சூயஸ் கால்வாய்த் திறப்புக்கு வந்த விருந்தினருக்காக அவர் கட்டிய கெசிரா அரண்மனைதான் இன்றைய கெய்ரோ மேரியட்டின் நடுக் கட்டடம்.

அந்தப் பழக்கம் இன்னும் முழுசாக விடவில்லை. விண்டர் பேலஸின் ‘1886’, ஓல்ட் கட்டராக்டின் ‘1902’ என்ற பெரிய கூடங்கள் இரண்டும் பிரெஞ்சுச் சமையலுக்குப் பேர்போனவை. எகிப்தியச் சாப்பாட்டுக்கு நைல் கரையிலோ தோட்டத்திலோ ஓர் இடம் ஒதுக்கியிருப்பார்கள். அதில் வருத்தப்பட ஒன்றும் இல்லை. அடுப்பும் கரியும் தோட்டத்தில் இருப்பதுதான் வசதி, சரவிளக்குக்குக் கீழே புறாவைக் கையால் பிய்க்கவும் முடியாது.

‘ஓரியண்டல்’ என்று போட்டிருந்தால் எகிப்தியச் சாப்பாடு என்று எடுத்துக்கொள்ளலாமா?

கூடாது. எகிப்திய ஹோட்டல்களில் அந்தப் பெயரில் வருவது பெரும்பாலும் லெபனான் சாப்பாடு: ஹும்முஸ், தப்பூலே, ஃபத்தூஷ், கிப்பே. நல்ல சாப்பாடுதான், ஆனால் எகிப்தின் அடுப்பு அல்ல. எகிப்தியர் ரொட்டி தொட்டுச் சாப்பிடுவது தஹினா, பெசாரா போன்றவற்றை. தஹினா எள் விழுது. பெசாரா என்பது ஃபாவா பருப்பை சோயாக்கீரை (சதகுப்பை இலை), கொத்தமல்லி, பார்ஸ்லியோடு வேகவைத்து மசித்து, மேலே பொரித்த வெங்காயம் தூவித் தருவது.

முன்பதிவுக்கு முன் மெனுவை வாங்கிப் பாருங்கள். மொலோகியா, புறா, மஹ்ஷி, ஃபத்தா, பெசாரா ஆகியவற்றில் குறைந்தது மூன்று இருந்தால் நம்பிப் போகலாம். ஹும்முஸும் கலப்பு கிரில்லும் மட்டும் இருந்தால், அது துபாயிலும் கிடைக்கும்.

சரி, எந்த இடங்களைப் பார்க்கலாம்?

கெய்ரோவில் கெசிரா தீவின் தெற்கு முனையில், வட்டக் கோபுரமாக நிற்கும் சோஃபிடெலில் ‘கெபாப்கி’ என்ற கிரில் உணவகம் நைலை ஒட்டியே இருக்கிறது. அதே பெயரில் அஸ்வான் ஓல்ட் கட்டராக்டிலும் ஒன்று உண்டு. கெய்ரோவின் சமாலேக் பகுதியில் கெய்ரோ மேரியட்டின் தோட்டம், தஹ்ரீர் சதுக்கத்தை ஒட்டிய நைல் ரிட்ஸ் கார்ல்டனின் ‘பாப் எல் ஷர்க்’ என்ற திறந்தவெளி உணவகம் ஆகியவையும் உள்ளூர்க்காரர்கள் குடும்பத்தோடு வரும் இடங்கள். உள்ளூர்க் குடும்பங்கள் வருகிறார்களா என்பதே ஒரு நல்ல அளவுகோல். அவர்கள் வீட்டில் இதைவிட நன்றாகச் சமைக்கத் தெரிந்தவர்கள், சும்மா வர மாட்டார்கள்.

கிசாவில் மேனா ஹவுஸ் இருக்கிறது. இஸ்மாயிலின் வேட்டை மாளிகையாகத் தொடங்கி 1886-இல் ஹோட்டலான இடம். 1943-இல் சர்ச்சில், ரூஸ்வெல்ட், சியாங் கை ஷேக் கூடிப் பேசியதும் இங்கேதான். இந்தியாவின் ஓபராய் குழுமம் பல ஆண்டுகள் இதை நடத்தியது. அப்போது இங்கிருந்த ‘மொகல் ரூம்’ என்ற இந்திய உணவகம் கெய்ரோ முழுக்கப் பிரபலம். இப்போது மேரியட் வசம். இங்கே பிரமிடுதான் முதல் காரணம், சாப்பாடு அடுத்ததுதான் என்று நினைத்துக்கொண்டு போனால் ஏமாற்றம் இருக்காது. பக்கத்திலேயே பெரிய எகிப்திய அருங்காட்சியகம் 2025 நவம்பரில் முறைப்படித் திறந்திருப்பதால் இந்தப் பக்கம் முன்பதிவு இல்லாமல் போகாதீர்கள்.

ஹோட்டலுக்குள் இல்லாவிட்டாலும் அதே தரத்தில் இரண்டு இடங்கள்: கான் எல் கலீலி கடைத்தெருவுக்குள் ஓபராய் நடத்திவந்த, நோபல் எழுத்தாளர் நகீப் மஹ்ஃபூஸ் பெயரிலான காஃபி கடை; சமாலேக்கில் அபு எல் சித். முன்னதில் அலைச்சலுக்கு நடுவே உட்காரலாம், பின்னதில் மொலோகியாவுக்காகவே போகலாம். கிசா மேட்டுக்குள்ளேயே ‘குஃபூஸ்’ இருக்கிறது, பழைய சாப்பாட்டை நவீனத் தட்டில் வைக்கிறவர்கள்.

உணவகங்களின் பெயரும் மெனுவும் அடிக்கடி மாறும், பழைய கட்டடங்களில் பராமரிப்பு வேலையும் நடக்கும். போவதற்கு முன் ஒரு போன் போட்டு உறுதிசெய்துகொள்ளுங்கள்.

மொலோகியா என்கிறார்களே, அது என்ன? வழவழப்பாக இருக்குமாமே?

இருக்கும். சணல் குடும்பத்துச் செடியின் இலை அது. வெண்டைக்காய் வழவழப்பை விரும்பாதவர்கள் முதல் கரண்டியில் திகைப்பார்கள். நாலாவது கரண்டியில் பலருக்கும் அது போய்விடும், ஏனென்றால் அதற்குள் பூண்டு வேலை செய்ய ஆரம்பித்துவிடும்.

செய்முறையைத் தெரிந்துகொண்டால் நல்லதையும் மோசத்தையும் பிரித்துவிடலாம். இலையைக் காம்பிலிருந்து உருவி, ‘மக்ரதா’ என்கிற இரண்டு பிடியுள்ள வளைந்த கத்தியை முன்னும் பின்னும் ஆட்டி, மரப்பலகையில் பொடிப்பொடியாக நறுக்குவார்கள். கோழி அல்லது முயல் வெந்த சாறு தனியே கொதிக்கும். இலையை அதில் கொட்டியதும் கொதிக்க விடக்கூடாது. விட்டால் பச்சை அடியில் படிந்து தண்ணீர் மேலே நின்றுவிடும். இன்னொரு பக்கம், இடித்த பூண்டையும் கொத்தமல்லித்தூளையும் நெய்யில் பொன்னிறமாகத் தாளிக்கிறார்கள். இதற்கு ‘தாலேயா’ என்று பெயர். அதை அப்படியே பச்சைக் குழம்பில் கவிழ்க்கும்போது ‘ஸ்ஸ்’ என்று ஒரு சத்தம். அந்த நொடியில் சமைக்கிறவர் மூச்சை உள்ளே இழுத்து ‘ஹா’ என்று வியப்பது எகிப்திய வீடுகளில் வழக்கம். அதைச் செய்யாவிட்டால் ருசி வராது என்று பாட்டிமார்கள் சத்தியம் செய்வார்கள்.

மேசைக்கு வரும்போது பச்சை சீராகப் பரவியிருக்க வேண்டும். மேலே தண்ணீர், கீழே இலை என்று பிரிந்து வந்தால் கொதித்துப்போன குழம்பு. தாராளமாகத் திருப்பி அனுப்பலாம். புதிய இலை கோடையில்தான். குளிர்காலத்தில் உறைய வைத்ததுதான் வரும், எகிப்திய வீடுகளிலும் அப்படித்தான். முயலோடு சாப்பிடுவதே பழைய முறை. கோழி எல்லா இடத்திலும் கிடைக்கும். அலெக்சாந்திரியா பக்கம் இறாலும் போடுவார்கள்.

ஒரு உபரித் தகவல்: பதினோராம் நூற்றாண்டின் தொடக்கத்தில் எகிப்தை ஆண்ட ஃபாத்திமிய கலீஃபா அல் ஹாக்கிம் மொலோகியாவுக்கே தடை போட்டார். அவரை இறைவனின் வெளிப்பாடாகக் கருதும் துரூஸ் மதத்தவரில் பலர் இன்றும் அதைத் தொடுவதில்லை. எகிப்தியர்கள் ஒருநாளும் விடவில்லை.

புறாவைச் சாப்பிடுவதா? எப்படி?

டெல்டா கிராமங்களில் கூம்பு கூம்பாகப் புறாக் கோபுரங்கள் நிற்பதைப் பார்க்கலாம். இறைச்சிக்கும் எருவுக்கும் வளர்க்கிறார்கள். கல்யாண விருந்துக்கும் புது மாப்பிள்ளைக்கும் புறா வைப்பது அங்கே மரியாதை.

இளம் புறாவின் வயிற்றிலும் தோலுக்கு அடியிலும் அரிசி அல்லது ‘ஃப்ரீக்’ அடைப்பார்கள். ஃப்ரீக் என்பது பச்சையாக இருக்கும்போதே அறுத்து, தீயில் வாட்டிய கோதுமை. அதனால் லேசாகப் புகை வாசனை. தேர்வு உங்களுடையது என்றால் ஃப்ரீக்கையே கேளுங்கள். அரிசி நம் வீட்டிலேயே இருக்கிறது. சாற்றில் வேகவைத்துப் பிறகு நெய்யில் சிவக்க விடுவார்கள். முள் கரண்டியால் இதோடு மல்லுக்கட்ட வேண்டாம். பக்கத்து மேசைப் பெரியவர் கையால் பிய்ப்பதைப் பார்த்து அப்படியே செய்யுங்கள், யாரும் ஒன்றும் நினைக்க மாட்டார்கள். எலும்பு பொடியாக இருக்கும், குழந்தைகளுக்குக் கொடுக்கும்போது கவனம்.

ஒரு தட்டுக்கு ஒன்று வருமா இரண்டா என்று கேட்டுக்கொள்ளுங்கள். முன்கூட்டியே சொல்லிவைக்கச் சொன்னால் அது நல்ல அறிகுறி.

கபாப், கொஃப்தா கிலோ கணக்கில் போட்டிருக்கிறதே?

அப்படித்தான் விற்பார்கள். இரண்டு பேருக்கு அரைக் கிலோ தாராளம். கொஃப்தாவைக் கொழுப்புச் சவ்வில் சுற்றிச் சுடும் ‘தர்ப்’ கிடைத்தால் கொஞ்சம் வாங்கிப் பாருங்கள். அதிகம் வேண்டாம், திகட்டும்.

மாட்டிறைச்சி சாப்பிடாதவர்கள் இங்கே கவனமாக இருக்க வேண்டும். கொஃப்தா, ரொட்டிக்குள் வைத்துச் சுடும் ஹவாவ்ஷி இரண்டிலும் மாடு சர்வசாதாரணம். ‘தானி’ என்றால் ஆடு, ‘கந்தூஸ்’ என்றால் மாடு, ‘பெதெல்லோ’ என்றால் கன்று. இந்த மூன்று சொற்களும் தெரிந்தால் போதும்.

நான் சுத்த சைவம். எனக்கு என்ன கிடைக்கும்?

நினைப்பதைவிட நிறைய. ஆனால் ‘வெஜிடேரியன்’ என்று சொன்னால் மட்டும் போதாது, இறைச்சித் துண்டை எடுத்துவிட்டுக் குழம்பைத் தருவார்கள். மொலோகியா, மஹ்ஷி, சேமியா கலந்த சோறு எல்லாமே பெரும்பாலும் இறைச்சிச் சாற்றில் வேகிறவை.

நீங்கள் சொல்ல வேண்டிய சொல் ‘சியாமி’. எகிப்தின் காப்டிக் கிறிஸ்தவர்கள் ஆண்டில் 200 நாளுக்கு மேல் நோன்பு இருப்பவர்கள். அந்த நாட்களில் இறைச்சி, பால், முட்டை, நெய் எதுவும் கிடையாது. அந்தச் சாப்பாட்டுக்குத்தான் சியாமி என்று பெயர். இஸ்லாமியச் சமையல்காரருக்கும் இது தெரியும் என்பதால் விளக்கம் தேவையில்லை. கிறிஸ்துமஸுக்கு முந்தைய நோன்பில் மீன் உண்டு, ஆகவே ‘மீனும் வேண்டாம்’ என்று சேர்த்துச் சொல்லிவிடுங்கள்.

சியாமி மஹ்ஷி கேளுங்கள்: திராட்சை இலை, முட்டைக்கோஸ், சுரைக்காய் வகை, கத்தரிக்காய் எல்லாவற்றுக்குள்ளும் தக்காளியும் கீரையும் சேர்ந்த அரிசி. முட்டைக்கோஸ் மஹ்ஷி விரல் தடிமனுக்கு மேல் இருந்தால் அவசரமாகச் சுற்றியது. பெசாரா, தஹினா, பொரித்த கத்தரிக்காய், பூண்டு வினிகரில் ஊறிய மிளகாய், தாமேயா என்று மேசை நிறைந்துவிடும். தாமேயா ஃபாவா பருப்பில் செய்வது. பிட்டால் உள்ளே நல்ல பச்சையாக இருக்கணும்.

காரம் இருக்குமா?

இருக்காது. சீரகம், கொத்தமல்லி, பூண்டு, சோயாக்கீரை, எலுமிச்சை, வினிகர்தான் அவர்கள் ருசி. காரம் வேண்டுமானால் ‘ஷத்தா’ கேளுங்கள், சின்னக் கிண்ணத்தில் தனியாக வரும். ஊறுகாய்ப் பொடியை எடுத்துப்போகிறவர்களைத் தடுக்கவில்லை, ஆனால் முதல் வாயாவது அப்படியே சாப்பிட்டுப் பாருங்கள்.

‘ஃபாரோக்கள் சாப்பிட்ட விருந்து’ என்று விளம்பரம் செய்கிறார்களே, உண்மையா?

விளம்பரம்தான். ரொட்டி, வெங்காயம், மீன், வாத்து, புறா, பீர் எல்லாம் பழைய எகிப்தில் இருந்தவை. ஆனால் இன்றைய எகிப்தியச் சமையலில் பாதியைத் தாங்கும் தக்காளி அமெரிக்கக் கண்டத்திலிருந்து வந்தது. மிளகாய், உருளை, மக்காச்சோளமும் அப்படியே. நெல் வேரூன்றியது இஸ்லாமிய ஆட்சிக் காலத்தில். ஆக, தக்காளிச் சாறு ஊற்றிய ‘ராம்செஸ் கபாப்’ என்று மெனுவில் கண்டால் சிரித்துவிட்டுக் கடந்துபோங்கள்.

கோஷரி நம்ம கிச்சடியிலிருந்து வந்ததா?

பரவலாகச் சொல்லப்படும் கதை அதுதான்: பிரிட்டிஷ் படையோடு வந்த இந்தியர்களின் அரிசி பருப்பு, எகிப்தில் இத்தாலிய மக்ரோனியையும் தக்காளிச் சாற்றையும் பிடித்துக்கொண்டது என்று. பெயரும் பொருளும் ஒத்துப்போகின்றன.

ரொட்டியில் என்ன பார்க்க வேண்டும்?

அடுப்பு கண்ணில் படுகிறதா என்று. நல்ல இடங்களில் தோட்டத்து மூலையில் பெண்கள் அடுப்பு முன் உட்கார்ந்து ரொட்டி போடுவார்கள். தவிட்டின் மேல் புரட்டிய மாவு, அடுப்பில் போட்ட சில நொடிகளில் உப்பி எழும். மேசைக்கு வரும்போது இன்னும் உப்பியிருக்கும், பிய்த்தால் ஆவி அடிக்கும், அடியில் தவிடு விரலில் ஒட்டும். தஹினாவை அப்போதே தொட்டுச் சாப்பிட்டுவிடுங்கள். பத்து நிமிடம் போனால் தோல் மாதிரி ஆகிவிடும், புது ரொட்டி கேட்டால் கொடுப்பார்கள்.

‘ஃபிதீர் மஷல்தத்’ என்று ஒன்று உண்டு. மாவைக் கண்ணாடி மாதிரி மெல்லியதாக விரித்து, நெய் தடவி, மடித்து மடித்து அடுப்பில் வைப்பது. கருப்பு வெல்லப்பாகு, தேன், பழைய பாலாடைக்கட்டியோடு சாப்பிடுவார்கள். ஹோட்டல் காலை உணவில் இதைச் சுடச்சுடப் போட்டுத் தருகிற மூலை இருந்தால் முதலில் அங்கே போங்கள், குரோசான் எங்கும் ஓடிவிடாது.

இனிப்பு?

ஓம் அலி. மெல்லிய ரொட்டியையோ பஃப் தாள்களையோ நொறுக்கி, பால், சர்க்கரை, பருப்புகள், உலர்திராட்சை சேர்த்து மண்சட்டியில் சுட்டது. 1257-இல் கொல்லப்பட்ட அரசி ஷஜர் அல் துர்ரின் சாவைக் கொண்டாட, சக்களத்தியான அலியின் அம்மா இதைச் செய்து ஊருக்குக் கொடுத்தாள் என்று ஒரு கதை சொல்வார்கள். பஃபேயில் தட்டு நிறைய ஊறிப்போய்க் கிடப்பதை எடுக்காதீர்கள். தனிச்சட்டியில் கேளுங்கள், கூடுதலாக இருபது நிமிடம் ஆகும், மேலே பாலாடை கருகலாக வரும். அதற்கு முன் குடிக்க அஸ்வான் கர்கதே: புளிச்சைப் பூவின் புல்லிதழில் போட்ட சிவப்புப் பானம், சூடாகவும் குளிராகவும்.

பில்லில் மெனு விலையைவிட அதிகமாக வருகிறதே?

ஏமாற்று இல்லை. ஹோட்டல்களில் 12% சேவைக் கட்டணம், அப்புறம் 14% மதிப்புக்கூட்டு வரி. மெனுவின் அடியில் பொடி எழுத்தில் போட்டிருப்பார்கள். 1,000 பவுண்டு என்று போட்ட சாப்பாட்டுக்கு 1,260-இலிருந்து 1,280-க்குள் போகும். இதற்கு மேல் பரிமாறியவர் கையில் கொஞ்சம் ரொக்கம் வைப்பது வழக்கம். 2024 மார்ச்சில் எகிப்திய பவுண்டின் மதிப்பு டாலருக்குச் சுமார் 31-இலிருந்து 50 அளவுக்குச் சரிந்தது. அதற்கு முந்தைய பயணக் குறிப்புகளில் உள்ள பவுண்டு விலைகளை நம்பிக் கணக்குப் போடாதீர்கள்.

எத்தனை மணிக்குப் போகலாம்? உடை?

எகிப்தியர் இரவுச் சாப்பாட்டுக்கு வருவதே ஒன்பது, பத்து மணிக்கு. ஏழு மணிக்குப் போனால் நீங்களும் வெளிநாட்டுக் குழுக்களும்தான். வாரவிடுமுறை வெள்ளி, சனி என்பதால் வியாழன் இரவு கூட்டம் நெரியும். தோட்ட உணவகங்களுக்குச் சாதாரண நல்ல உடை போதும். ‘1886’, ‘1902’ போன்ற கூடங்களில் ஆண்களுக்குக் கோட் எதிர்பார்ப்பார்கள். தங்காதவர்களை உள்ளே விடுவதில் சில பழைய ஹோட்டல்கள் கறார், முன்பதிவு கையில் இருக்கட்டும்.

ரமலானில் போனால்?

பகலில் ஹோட்டலுக்குள் வெளிநாட்டவர்க்குச் சாப்பாடு வழக்கம்போல் கிடைக்கும். மாலை நோன்பு திறக்கும் இஃப்தார் விருந்துதான் எகிப்தியச் சாப்பாட்டை ஒரே இடத்தில் பார்க்கச் சிறந்த நேரம். பாங்கு ஒலிக்கும் முன்பே மேசை நிரம்பி, எல்லோரும் பேரீச்சம்பழத்தோடு காத்திருப்பார்கள். நீங்களும் காத்திருங்கள், முந்திக்கொள்ளாதீர்கள். இரவு வெகுநேரம் கழித்து, கூடாரங்களில் சஹூர் என்ற விடியலுக்கு முந்தைய சாப்பாடு நடக்கும். அங்கே ஃபூல் வரும், அந்த நேரத்து ஃபூலுக்கு மட்டும் முதலில் சொன்ன என் ஆட்சேபணை கிடையாது. மது அந்த மாதத்தில் எகிப்தியருக்குப் பரிமாற மாட்டார்கள். வெளிநாட்டவர்க்குப் பெரிய ஹோட்டல்களில் கிடைக்கும்.

நைல் கப்பலில் எல்லா வேளையும் பஃபே. அதுவே போதாதா?

வயிறு நிறையும். எல்லோருக்கும் பிடிக்கணும் என்று சமைப்பதால் பூண்டையும் புளிப்பையும் அடக்கியே போடுவார்கள். ‘எகிப்திய இரவு’ என்று ஒரு நாள் ஜிப்பா போட்டுக் கொண்டாடுவார்கள், அன்றைக்குச் சமையல்காரர்களுக்கே உற்சாகம் வந்துவிடும். அன்று பசியோடு போங்கள்.

உடம்புக்கு ஆகாதது ஏதாவது?

ஜி6பிடி (G6PD) என்ற பரம்பரை நொதிக் குறைபாடு உள்ளவர்கள் ஃபாவா பீன்ஸைத் தொடவே கூடாது, ரத்தச் சிவப்பணு சிதையும். ஃபூல், தாமேயா, பெசாரா மூன்றிலும் அதுதான். எள் ஒவ்வாதவர்களுக்குத் தஹினா எங்கும் ஒளிந்திருக்கும், தாமேயாவின் மேல்கூட எள் தூவியிருக்கும். இந்த இரண்டையும் மேசையில் உட்கார்ந்த பிறகு சொல்லாமல், முன்பதிவு செய்யும்போதே எழுத்தில் கொடுத்துவிடுங்கள். தண்ணீர் பாட்டிலில் கேளுங்கள், சீல் உங்கள் முன்னால் உடையட்டும்.